கருவில் இருக்கும் குழந்தை பேசும் வீடியோக்கள்: மனதை மாற்றுவது மிரட்டலா, மென்மையா? | விளக்கம்

கருக்கலைப்புக்கு எதிரான வீடியோ விளம்பரங்கள் எந்தத் தொனியில் பேசுகின்றன? சட்டம் என்ன சொல்கிறது? புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்துக்கும் தருமபுரி வீதி நாடகங்களுக்கும் இதில் என்ன தொடர்பு? முழு விவரம் இதோ.

ரீல்ஸ் தள்ளிக்கொண்டே போகும்போது திடீரென ஒரு வீடியோ. கறுப்புத் திரை. இதயத் துடிப்புச் சத்தம். பிறகு ஒரு மழலைக் குரல் "அம்மா" என்று கூப்பிடுகிறது. கருவில் இருக்கும் குழந்தையே தன் கதையைச் சொல்வதுபோல வீடியோ நகர்கிறது. கடைசியில் அந்தக் குரல் பாதியிலேயே நின்றுவிடுகிறது.

சென்னையில் இருப்பவரின் போனுக்கும், புதுக்கோட்டை நகரை ஒட்டிய திருக்கோகர்ணத்தில் கோயில் வாசலில் பூ கட்டிக்கொண்டிருப்பவரின் போனுக்கும் இந்த மாதிரி வீடியோ ஒரே நேரத்தில் வந்து சேரும். ஆனால் பார்ப்பவர்கள் ஒரே மாதிரி இருக்க மாட்டார்கள். ஒருவர் "இந்த முறையாவது ஆம்பளப் புள்ளையா இருக்கணும்" என்று மருமகளை நெருக்கும் மாமியாராக இருக்கலாம். இன்னொருவர் போன மாதம்தான் கரு தானாகக் கலைந்து மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவராக இருக்கலாம். மூன்றாமவர், கருவில் கடுமையான குறைபாடு இருப்பதாக டாக்டர் சொல்லி, என்ன செய்வது என்று தெரியாமல் தவிப்பவராக இருக்கலாம்.

ஒரே வீடியோ இந்த மூன்று பேரிடமும் மூன்று விதமாகப் பேசுகிறது. அதனால்தான் இதன் தொனி முக்கியமாகிறது.

'ப்ரோ-லைஃப்' என்றால் என்ன?

கருவுக்கும் உயிர்வாழும் உரிமை உண்டு, எனவே கருக்கலைப்பு கூடாது என்பவர்கள் மேற்கத்திய நாடுகளில் தங்களை 'ப்ரோ-லைஃப்', அதாவது உயிருக்கு ஆதரவானவர்கள் என்று அழைத்துக்கொள்கிறார்கள். முடிவெடுக்கும் உரிமை பெண்ணுக்கே என்பவர்கள் 'ப்ரோ-சாய்ஸ்', தேர்வுரிமைக்கு ஆதரவானவர்கள்.

பிரசாரம் இந்தப் பெயர்களிலேயே தொடங்கிவிடுகிறது. ஒரு தரப்பு 'உயிர்' என்ற சொல்லை எடுத்துக்கொண்டால், எதிரில் நிற்பவர் உயிருக்கு எதிரி போலத் தெரிவார். மற்றொரு தரப்பு 'உரிமை'யைப் பிடித்துக்கொண்டால், எதிராளி சுதந்திரத்துக்கு விரோதி ஆகிவிடுகிறார்.

இந்தியாவில் இந்த விவாதம் வேறு வடிவம் எடுத்தது. இங்கே விளம்பரங்கள் அதிகம் பேசியது பெண் குழந்தையைப் பற்றி. ஆணா பெண்ணா என்று பார்த்துக் கருவைக் கலைப்பது குற்றம். ஆனால் சட்டம் அனுமதிக்கும் காரணங்களுக்காக, தகுதியுள்ள மருத்துவரிடம் கருக்கலைப்பு செய்துகொள்வது குற்றமல்ல. விளம்பரங்கள் பல நேரம் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிடுகின்றன.

மிரட்டும் தொனி எங்கே தொடங்கியது?

1984-ல் அமெரிக்காவில் வெளியான 'தி சைலன்ட் ஸ்க்ரீம்' என்ற 28 நிமிடப் படம் இந்த வகையில் ஒரு திருப்புமுனை. கருக்கலைப்பு உரிமைக்காக ஒரு காலத்தில் போராடி, பிறகு மனம் மாறிய மகப்பேறு மருத்துவர் பெர்னார்ட் நாதன்சன் இதில் தோன்றிப் பேசினார். 12 வாரக் கரு கலைக்கப்படும் ஸ்கேன் காட்சியைக் காட்டி, கரு வாய் திறந்து அலறுகிறது என்று விளக்கினார். அன்றைய அதிபர் ரொனால்ட் ரீகன் படத்தைப் பாராட்டினார்.

மருத்துவர்கள் பலர் கடுமையாக எதிர்த்தனர். அந்த வாரத்தில் வலியை உணரும் அளவுக்கு மூளை வளர்ந்திருக்காது, காட்சியின் வேகத்தைக் கூட்டிக் குறைத்திருக்கிறார்கள் என்பது அவர்களின் வாதம். ஆனால் படம் பார்த்தவர்கள் மனதில் பதிந்தது அந்தத் தலைப்புதான். மங்கலான ஸ்கேன் படத்தில் எது என்னவென்று சாதாரண மக்களுக்குத் தெரியாது. பக்கத்தில் நின்று பேசும் குரல் எதைச் சொல்கிறதோ, அதைத்தான் கண்ணும் பார்க்கும்.

1992-ல் அமெரிக்கத் தேர்தலில் போட்டியிட்ட சில வேட்பாளர்கள், கலைக்கப்பட்ட கருவின் ரத்தக் காட்சிகளைத் தேர்தல் விளம்பரமாகவே டிவியில் ஓட்டினார்கள். வேட்பாளர் விளம்பரத்தை டிவி நிலையங்கள் தணிக்கை செய்ய அங்கே சட்டம் இடம் தரவில்லை. குழந்தைகள் பார்ப்பார்களே என்று நள்ளிரவுக்குத் தள்ளிவைக்கவும் முடியாது என்று 1996-ல் வாஷிங்டனில் உள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

பிரிட்டனில் நேர்மாறாக நடந்தது. 2001 தேர்தலில் 'ப்ரோலைஃப் அலையன்ஸ்' கட்சி வேல்ஸ் பகுதிக்குத் தயாரித்த பிரசார வீடியோவில் இதுபோன்ற காட்சிகள் இருந்தன. பிபிசி உள்ளிட்ட நிறுவனங்கள் ஒளிபரப்ப மறுத்தன. கடைசியில் அந்த இடங்களில் 'தணிக்கை செய்யப்பட்டது' என்ற சொல் மட்டும் திரையில் தெரிந்தது. வழக்கு பிரபுக்கள் சபை வரை போய், 2003-ல் பிபிசிக்குச் சாதகமாக முடிந்தது.

மென்மையான தொனி ஏன் வந்தது?

ரத்தக் காட்சி வந்தால் ஏற்கெனவே ஆதரிப்பவர் இன்னும் உறுதியாவார். நடுவில் இருப்பவர் சேனலை மாற்றிவிடுவார். பிரசாரம் செய்தவர்களுக்கே இது சீக்கிரம் புரிந்தது.

1992-ல் அமெரிக்காவின் டிமாஸ் அறக்கட்டளை, சிரித்து விளையாடும் குழந்தைகளைக் காட்டும் டிவி விளம்பரங்களை வெளியிட்டது. வாழ்க்கை ஓர் அழகான தேர்வு என்பதே அதன் செய்தி. எதிர்த்தரப்பின் 'தேர்வு' என்ற சொல்லையே கடன் வாங்கியதுதான் இதில் சாமர்த்தியம்.

2010 பிப்ரவரி 7 அன்று சூப்பர் பவுல் இறுதிப் போட்டியின் நடுவே, கால்பந்து வீரர் டிம் டீபோவும் அவரது தாய் பாமும் தோன்றிய 30 விநாடி விளம்பரம் ஒளிபரப்பானது. கர்ப்பத்தின்போது தாய்க்கு உடல்நிலை மோசமாகி, கருவைக் கலைத்துவிடும்படி சொல்லப்பட்டும் அவர் மறுத்ததாகக் குடும்பத்தினர் சொல்லிவந்த கதை அது. மகளிர் அமைப்புகள் விளம்பரத்தை நிறுத்தச் சொல்லிக் குரல் எழுப்பின. ஆனால் ஒளிபரப்பான விளம்பரத்தில் கருக்கலைப்பு என்ற வார்த்தையே இல்லை. மகன் பிழைத்தது அதிசயம் என்கிறார் தாய். மகன் விளையாட்டாகப் பாய்ந்து வந்து தாயைக் கீழே சாய்க்கிறார். முழுக் கதைக்கு இணையதளத்தைப் பாருங்கள் என்று முடிகிறது. அவ்வளவுதான்.

உளவியல் என்ன சொல்கிறது?

"நீ இதைச் செய்யக் கூடாது" என்று யாராவது கட்டளையிட்டால், மனம் முதலில் எதிர்க்கத்தான் பார்க்கும். அமெரிக்க உளவியலாளர் ஜாக் பிரெம் 1966-ல் இதை ஒரு கோட்பாடாகவே எழுதினார். மென்மையான விளம்பரம் கட்டளை போடுவதில்லை. ஒரு கதையைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது. முடிவு தானாக எடுத்தது போலப் பார்ப்பவருக்குத் தோன்றும்.

அச்சமூட்டும் விளம்பரத்துக்கும் ஒரு விதி உண்டு. பயத்தோடு சேர்த்து, தப்பிக்கும் வழியையும் காட்ட வேண்டும். சிகரெட் பெட்டியில் புற்றுநோய்ப் படத்துக்குப் பக்கத்தில் உதவி எண் இருப்பது அதனால்தான். வழி காட்டாமல் பயத்தை மட்டும் கொடுத்தால், பார்ப்பவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார், அல்லது விஷயத்தை மறைக்கத் தொடங்குவார். கருக்கலைப்பு விஷயத்தில் மறைப்பது உயிருக்கே ஆபத்து.

மென்மையாக இருந்தால் உண்மை என்று அர்த்தமா?

இல்லை. 'லைவ் ஆக்‌ஷன்' என்ற அமெரிக்க அமைப்பு 2021-ல் வெளியிட்ட 'பேபி ஒலிவியா' என்ற 3 நிமிட அனிமேஷன் வீடியோ இதற்கு உதாரணம். கருவின் வளர்ச்சியை அழகான படங்களோடு சொல்லும் வீடியோ இது. வடக்கு டகோட்டா, டென்னசி போன்ற மாநிலங்கள் இந்த வகை வீடியோவைப் பள்ளிகளில் காட்டச் சட்டமே கொண்டுவந்தன.

சிக்கல் வாரக் கணக்கில் இருக்கிறது. மருத்துவர்கள் கர்ப்ப காலத்தைக் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுவார்கள். இந்த வீடியோ கருத்தரித்த நாளிலிருந்து எண்ணுகிறது. இரண்டுக்கும் சுமார் 2 வாரம் வித்தியாசம். வீடியோவில் '10 வாரம்' என்று வருவது, டாக்டர் சீட்டில் 12 வாரமாக இருக்கும். இதைத் தெரியாமல் பார்ப்பவர், கரு அந்த வாரத்தில் உண்மையில் இருப்பதைவிட அதிகம் வளர்ந்துவிட்டதாக நினைத்துக்கொள்வார்.

வெளிநாட்டுப் பணம், உள்ளூர் ஓட்டு

கர்நாடகத்தின் பெலகாவியைச் சேர்ந்த பல் மருத்துவர் சவிதா ஹலப்பனவர், 2012 அக்டோபரில் அயர்லாந்தின் கால்வே நகரில் இறந்தார். 17 வாரக் கரு கலைந்துகொண்டிருந்தது. கருக்கலைப்பு செய்யும்படி கேட்டும், கருவின் இதயத் துடிப்பு இருந்ததால் மறுக்கப்பட்டது. பிறகு ரத்தத்தில் கிருமித்தொற்று பரவி உயிரிழந்தார். அந்த நாட்டுச் சட்டத்தையே கேள்விக்குள்ளாக்கிய மரணம் அது.

2018 மே 25 அன்று பொதுவாக்கெடுப்பு நடந்தது. அதற்கு முன்பே, நாட்டுக்கு வெளியிலிருந்து பணம் கொடுத்து ஆன்லைன் விளம்பரங்கள் ஓட்டப்படுவதாகப் புகார்கள் கிளம்பின. வெளிநாட்டு விளம்பரங்களை ஃபேஸ்புக் நிறுத்தியது. வாக்கெடுப்பு தொடர்பான எல்லா விளம்பரங்களையும் கூகுள் நிறுத்தியது. தடையை நீக்க ஆதரவாக 66.4 சதவீதம் பேர் வாக்களித்தனர்.

இந்தியாவில் விளம்பரம் எதிர்த்திசையில் தொடங்கியது

இங்கே முதலில் வந்தது கருவைக் காப்பாற்றச் சொன்ன விளம்பரம் அல்ல. 1980-களில் மும்பை போன்ற நகரங்களில், கருவின் பாலினத்தைக் கண்டறியும் கிளினிக்குகள் வெளிப்படையாகவே விளம்பரம் செய்தன. இப்போது 500 ரூபாய் செலவழித்தால், பிறகு பல ஆயிரம் ரூபாய் மிச்சம் என்பது அவற்றின் பேச்சு. வரதட்சணை என்று எங்கும் எழுதவில்லை. எழுத வேண்டிய அவசியமும் இல்லை, படித்தவர் எல்லோருக்கும் புரிந்தது. மென்மையாகப் பேசி, ஒரு கணக்கைப் போட்டுக் காட்டி, உயிரைப் பறிக்கத் தூண்டிய விளம்பரம் அது.

1988-ல் மகாராஷ்டிரா முதலில் சட்டம் கொண்டுவந்தது. 1994-ல் நாடு முழுவதற்குமான சட்டம் வந்தது. அதன் 22-வது பிரிவு, பாலினம் கண்டறிதல் பற்றிய எந்த விளம்பரத்தையும் தடை செய்கிறது. மீறினால் 3 ஆண்டு வரை சிறை, 10 ஆயிரம் ரூபாய் வரை அபராதம். இணையத்தில் இப்படிப்பட்ட விளம்பரங்கள் வருவதாக சாபு ஜார்ஜ் தொடர்ந்த வழக்கில், கூகுள், யாஹூ, மைக்ரோசாஃப்ட் நிறுவனங்கள் அவற்றைத் தடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவுகள் போட்டது.

மதம் அல்லது அரசியல் நோக்கம் கொண்ட விளம்பரங்களை 1994-ம் ஆண்டு கேபிள் டிவி விதிகளும் தடுக்கின்றன. அதனால் அமெரிக்கா போன்ற 'ப்ரோ-லைஃப்' பிரசாரம் இங்கே டிவிக்கு வருவது கடினம். போனுக்கு அந்தத் தடை இல்லை.

தமிழ்நாடு எப்படிப் பேசியது?

1986-ல் 'இந்தியா டுடே' இதழ், உசிலம்பட்டி வட்டாரத்துப் பெண் சிசுக்கொலை பற்றி அட்டைப்படக் கட்டுரை வெளியிட்டது. நாடே அதிர்ந்தது. ஆனால் ஒரு ஊரின் பெயரும் ஒரு சமூகத்தின் பெயரும் பல வருடம் அந்தப் பழியைச் சுமந்தன.

1992-ல் முதலமைச்சர் ஜெயலலிதா, சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கினார். "வேண்டாம்னா கொல்லாதீங்க, இந்தத் தொட்டில்ல விட்டுட்டுப் போங்க" என்பதே அதன் சாரம். குற்றம் சாட்டாமல் ஒரு வழியைக் காட்டியது பலம். பெண் குழந்தையைக் கைவிடுவதை அரசே ஏற்றுக்கொள்கிறதா என்ற விமர்சனமும் சேர்ந்தே வந்தது. 1994-ல் பாரதிராஜாவின் 'கருத்தம்மா' வெளியாகி, குடும்ப நலன் குறித்த சிறந்த படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது.

இந்த இடத்தில்தான் புதுக்கோட்டை வருகிறது. 1991-92-ல் இந்த மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் ஊர் ஊராகப் போனது. பாட்டு, நாடகம், கலைப்பயணம் என்று மக்களைத் திரட்டியது. எழுதப் படிக்கக் கற்ற பெண்கள் சைக்கிளும் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத்.

சில ஆண்டுகளுக்குப் பிறகு, டென்மார்க் உதவியுடன் நடந்த சுகாதாரத் திட்டத்தில் அவர் பணியாற்றினார். பொருளாதார அறிஞர் வி.பி. ஆத்ரேயாவுடன் சேர்ந்து, ஆரம்ப சுகாதார நிலையப் பதிவேடுகளை வைத்துப் பெண் சிசு இறப்புகளை ஆய்வு செய்து 1997-ல் வெளியிட்டார். போலீஸ் வழக்கு மட்டும் போதாது, மக்களைத் திரட்ட வேண்டும் என்பது அவர்களின் வாதம். அதன் தொடர்ச்சியாக, சிசுக்கொலை அதிகமிருந்த தருமபுரி மாவட்டத்தில் வீதி நாடகக் குழுக்கள் கிராமம் கிராமமாகச் சென்றன. புதுக்கோட்டையில் எழுத்தறிவுக்குப் பயன்பட்ட அதே கலைப்பயண வடிவம்தான் அங்கேயும் கைகொடுத்தது.

இந்த நாடகங்களின் தொனி வேறு. குழந்தையைக் கொன்ற தாயை நடுத்தெருவில் நிறுத்தி விசாரிப்பது இதில் இல்லை. பெண்ணாகப் பிறந்தவள் வீட்டில் நடத்தப்படும் விதம், கல்யாணச் செலவு, வரதட்சணை என்று பிரச்னையின் வேரைக் கதையாகக் காட்டினார்கள். நடித்தவர்கள் உள்ளூர் இளைஞர்கள். நாடகம் முடிந்த பிறகும் ஊரில் பேச்சு நடந்தது. 30 விநாடி வீடியோ செய்ய முடியாத வேலை இது.

2001 கணக்கெடுப்பில் 6 வயது வரையிலான 1,000 ஆண் குழந்தைகளுக்கு, தருமபுரியில் 826 பெண் குழந்தைகளும் சேலத்தில் 851 பெண் குழந்தைகளும்தான் இருந்தார்கள். 2011-ல் இரண்டு மாவட்டங்களிலும் இது 910-ஐத் தாண்டியது. இதற்கு நாடகம் மட்டுமே காரணம் இல்லை. தொட்டில் திட்டம், பெண் குழந்தை பாதுகாப்புத் திட்ட வைப்புத்தொகை, ஸ்கேன் மையங்கள் மீதான கண்காணிப்பு, தொண்டு நிறுவனங்களின் உழைப்பு எல்லாம் சேர்ந்த விளைவு அது.

அதே காலத்தில் நாட்டின் சராசரி 927-லிருந்து 919-ஆகக் குறைந்தது. 2015-ல் தொடங்கிய 'பேட்டி பச்சாவ் பேட்டி படாவ்' திட்டத்தில், 2016 முதல் 2019 வரை விடுவிக்கப்பட்ட 446.72 கோடி ரூபாயில் 78.91 சதவீதம் விளம்பரத்துக்கே போனதாக நாடாளுமன்றக் குழு சுட்டிக்காட்டியது. கல்வி, மருத்துவப் பணிகளுக்கு இனி கூடுதல் கவனம் தர வேண்டும் என்றும் அந்தக் குழு சொன்னது.

'கருக்கொலை' என்ற சொல்லில் என்ன பிரச்னை?

பெண் கருவைக் காப்பாற்ற வந்த போஸ்டர்கள் பலவற்றில் கத்தி, ரத்தம், தூக்குக் கயிறு, அழும் கரு இருந்தன. "கருவைக் கலைப்பது கொலை" என்று பொதுவாக எழுதினார்கள். விளைவு? பாலினம் பார்த்துக் கலைப்பதுதான் குற்றம் என்பது மறந்து, எல்லாக் கருக்கலைப்பும் குற்றம் என்ற எண்ணம் பரவியது. பெண்கள் கேட்கத் தயங்குகிறார்கள். சட்டப்படி செய்யக்கூடியதைச் செய்யவும் சில மருத்துவர்கள் தயங்குகிறார்கள்.

மத்திய சுகாதார அமைச்சகம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டி இதைத்தான் திருத்த முயன்றது. கருவைக் கொல்வது போன்ற படங்களையும் 'கொலை' போன்ற சொற்களையும் விளம்பரங்களில் தவிர்க்கச் சொன்னது. பாலினத் தேர்வு என்ற குற்றத்தை மட்டும் குறிவைத்துப் பேசும்படி கூறியது.

பயந்து ஒதுங்குபவர்கள் எங்கே போகிறார்கள்? தேசிய குடும்பநல ஆய்வின் 5-வது சுற்றின்படி, இந்தியாவில் நடக்கும் கருக்கலைப்புகளில் 27 சதவீதம் வீட்டிலேயே, அந்தப் பெண்ணே செய்துகொள்வது. பாதுகாப்பற்ற கருக்கலைப்பால் நாட்டில் தினமும் சுமார் 8 பெண்கள் இறப்பதாக ஐ.நா. மக்கள்தொகை நிதியம் 2022-ல் கூறியது.

சட்டம் என்ன சொல்கிறது?

• 20 வாரம் வரை: பதிவு பெற்ற ஒரு மருத்துவரின் கருத்து போதும்.

• 20 முதல் 24 வாரம் வரை: பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள், சிறுமிகள் உள்ளிட்ட சில பிரிவினருக்கு அனுமதி உண்டு. இரண்டு மருத்துவர்களின் கருத்து தேவை.

• 24 வாரத்துக்கு மேல்: கருவில் கடுமையான குறைபாடு இருந்தால், மருத்துவக் குழுவின் ஒப்புதலோடு.

• 18 வயது நிறைந்த பெண்ணுக்கு அவரது சம்மதம் மட்டுமே போதும். கணவர் கையெழுத்து கட்டாயமில்லை.

• திருமணமாகாதவர் என்பதற்காகப் பாகுபாடு காட்டக் கூடாது என்று 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

• கருவின் பாலினத்தைக் கேட்பதும் சொல்வதும் குற்றம்.

இப்படி ஒரு வீடியோ வந்தால் என்ன கவனிக்கணும்?

• யாரைக் குற்றம் சாட்டுகிறது? தாயை மட்டும் காட்டி, நெருக்கும் குடும்பத்தையும் பாலினம் சொல்லும் ஸ்கேன் மையத்தையும் விட்டுவிட்டால், கதையில் பாதி இல்லை.

• யார் பணம் கொடுத்தது? 'ஸ்பான்சர்டு' என்று இருந்தால் அதைத் தொட்டு, பக்கத்தின் பெயரைப் பாருங்கள்.

• வாரக் கணக்கு எங்கிருந்து தொடங்குகிறது? சந்தேகம் வந்தால் டாக்டரிடம் கேளுங்கள்.

• கருவின் குரல் யாருடையது? அது எழுதிக்கொடுத்த வசனம். அதில் வரும் மருத்துவத் தகவலைத் தனியாகச் சரிபாருங்கள்.

• உதவிக்கு ஏதாவது வழி சொல்கிறதா? அழவைத்துவிட்டு முடிந்துபோகும் வீடியோ யாருக்கும் உதவாது.

• குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பகிர்வதற்கு முன், அண்மையில் கருவை இழந்தவர் அதில் இருக்கிறாரா என்று ஒரு நிமிடம் யோசியுங்கள்.

திருக்கோகர்ணம் உள்ளிட்ட புதுக்கோட்டைப் பகுதி பெண்களுக்கு, நகரிலேயே அரசு ராணியார் மகப்பேறு மருத்துவமனை இருக்கிறது. இந்தியாவின் முதல் பெண் மருத்துவர்களில் ஒருவரான, புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டியின் பெயரில் 18,000 ரூபாய் மகப்பேறு நிதியுதவித் திட்டம் தமிழ்நாடு முழுவதும் நடக்கிறது. மருத்துவ ஆலோசனைக்கு 104, பெண்களுக்கான உதவிக்கு 181, குழந்தைகள் தொடர்பான உதவிக்கு 1098 என்ற எண்களை அழைக்கலாம்.